கொலைகாரன் பெயரைச் சொல்லாதீர்கள்

? என் மகன் ஒன்பதாம் வகுப்பு. துப்பறியும் கதை வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ரத்தம், ஆபாசம் இல்லாமல் எதைக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

தேவனின் 'துப்பறியும் சாம்பு'வில் ஆரம்பியுங்கள். பேங்க் குமாஸ்தா சாம்புவை எல்லோரும் அசடு என்கிறார்கள். அவர் எதையோ செய்யப்போக, திருடன் தானாக வந்து மாட்டுகிறான். அடுத்து கானன் டாயிலின் 'சிவப்புத் தலையர் சங்கம்' (1891). தலைமுடி சிவப்பு என்பதற்காக ஓர் அடகுக்கடைக்காரருக்கு வாரம் நான்கு பவுண்டு கொடுக்கிறார்கள். வேலை என்ன தெரியுமா? என்சைக்ளோபீடியாவைக் கையால் நகலெடுப்பது! கதையில் கொலையே நடப்பதில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி, "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று பையனிடம் கேளுங்கள். அவன் யோசித்து ஒரு பதில் சொன்ன பிறகு மீதியைப் படிக்கட்டும்.

? படித்த நாவலை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்யும்போது எவ்வளவு கதை சொல்லலாம்? ஆர்வத்தில் நிறைய உளறிவிடுகிறேன்.
– ஒரு வாசகர், கரூர்

இருபத்தாறு வருஷம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். மாத நாவல்களும், வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகளும்தான் அதிகம் போகும். ஒரு சமயம், திரும்பி வருகிற புத்தகங்களின் முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரை யாரோ பென்சிலால் எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். மொத்தம் பதினோரு புத்தகம். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ரப்பர் வைத்துத் தேய்ப்பேன். மட்டமான தாள், அழுத்தி எழுதியிருந்ததால் எழுத்து போனாலும் பள்ளம் போகவில்லை. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் அந்தப் பக்கங்களையே கிழிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் யாராவது கேட்டால், கதையின் ஆரம்பத்திலேயே வருகிற ஒரு பொருளைப் பற்றி மட்டும் சொல்வேன். செய்ச்சோ மாட்சுமோட்டோ என்ற ஜப்பானியர் 1957-58இல் ஒரு பயண இதழில் தொடராக எழுதிய நாவல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்று கிடைக்கிறது. ஃபுகுவோகா பக்கம் கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதல் ஜோடி, தற்கொலை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஆணின் பையில் ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே இருக்கும் உணவகப் பெட்டியில் கொடுத்த ரசீது. அதில் 'ஒரு நபர்' என்று போட்டிருக்கிறது. சேர்ந்து சாகக் கிளம்பியவர்களில் ஒருவர் மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிடுவாரா? பசியில்லாவிட்டாலும் எதிரே ஒரு காபியை வைத்துக்கொண்டு மற்றவர் உட்கார்ந்திருக்க மாட்டாரா? உள்ளூர் போலீஸ்காரர் ஒருவரை அந்தத் துண்டுச் சீட்டு நிம்மதியாக இருக்கவிடவில்லை.

இதோடு வாயை மூடிக்கொள்வேன். கேட்பவர் ரயில்வேக்காரராக இருந்தால் மட்டும், டோக்கியோ நிலையத்தின் 13ஆம் பிளாட்பாரத்திலிருந்து 15ஆம் பிளாட்பாரம் மறைப்பில்லாமல் தெரிவது ஒரு நாளில் நான்கே நிமிஷம் என்று கதையில் வருவதையும் சொல்வேன். ரயில் கால அட்டவணையை வைத்தே ஒரு நாவலைப் பின்ன முடியும் என்பதை அதில்தான் பார்த்தேன்.

? அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்டு கொலை' படித்தேன். ஏமாற்றிவிட்டார் என்று கோபமாக வருகிறது.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

1926இல் புத்தகம் வந்தபோதே நிறையப் பேர் இப்படிக் கோபப்பட்டார்கள். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. மர்மக் கதைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிகிறவர் கண்ணில் படுகிற தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அதில் ஒன்று. கிறிஸ்டி தடயத்தை ஒளித்துவைக்கவில்லை அம்மா, நம் முன்னாலேயே வைத்திருக்கிறார். நாம்தான் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டோம். நான்காம் அத்தியாயத்தை மறுபடி எடுத்து, நிதானமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வாக்கியம் என்று நான் சொல்லமாட்டேன்.