அற்புதம் நடந்ததா என்று சொல்லாத படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘லூர்து’ பார்த்தேன். பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்துக்குச் சக்கர நாற்காலியில் யாத்திரை வந்த கிறிஸ்டீன் எழுந்து நடக்கிறாள், கடைசியில் விழுகிறாள். குணமானாளா என்று தெரியாமலே படம் முடிகிறது. இது பக்தர்களுக்கான படமா, நாத்திகர்களுக்கானதா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

2009 வெனிஸ் திரைப்பட விழாவில் ஜெசிகா ஹவுஸ்னரின் இந்தப் படத்துக்குக் கத்தோலிக்க அமைப்பான சிக்னிஸ் விருது கொடுத்தது. இத்தாலிய நாத்திகர் சங்கத்தின் பிரையன் விருதும் இதற்கேதான். இரு தரப்பும் சொந்தம் கொண்டாடும்படி ஒரு படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

சூட்சுமம் நோயைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. கிறிஸ்டீனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய். பலருக்கு அது தானாகவே தணிந்து, பிறகு மறுபடி தலைகாட்டும். லூர்தில் ஒரு குணத்தை அற்புதமென்று திருச்சபை அங்கீகரிக்க, அது திடீரென்று, முழுமையாக, சிகிச்சையால் விளக்க முடியாதபடி நடந்திருக்க வேண்டும், நிலைக்கவும் வேண்டும். நிலைத்ததா என்று பார்க்க வருடங்கள் ஆகும். கதையோ சில நாள் யாத்திரையோடு முடிந்துவிடுகிறது. அவள் விழுந்தது கால் இடறியா, நோய் திரும்பியா என்று அங்கிருக்கும் யாருக்கும் தெரிய வழியில்லை. நமக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மறுமுறை கிறிஸ்டீனை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். கேமரா தள்ளி நின்று ஒரே சட்டகத்தில் பல முகங்களை வைத்திருக்கிறது. அப்படியொன்றும் பக்தியில்லாத இவளுக்கு ஏன் கிடைத்தது என்ற பொறாமை அங்கேதான் ஓடுகிறது. கைபேசியில் பார்த்தால் பாதி போய்விடும்.

அடுத்து டென்மார்க்கின் ‘ஓர்டெட்’ (1955). இயக்குநர் கார்ல் டிரையர் நேர் எதிர்த்திசையில் போகிறார். முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் கெடாது: பிரசவத்தில் இறந்த இங்கர் சவப்பெட்டியில் கண் திறக்கிறாள். அதற்கு முன், அவள் பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில், உதவியது உங்கள் பிரார்த்தனையா என் வைத்தியமா என்று அவளுடைய மாமனாரான விவசாயிக் கிழவரை டாக்டர் சீண்டுவார். கொஞ்ச நேரத்தில் அவள் இறந்துபோகிறாள். இருவர் கணக்கும் தப்பு.

அந்த விவசாயியும் ஊர்த் தையல்காரரும் மதப் பிரிவுக்காக மல்லுக்கட்டும் முதல் மணி நேரத்தைப் பலர் ஓட்டிவிடுகிறார்கள். ஓட்டினால் கடைசிக் காட்சி வெறும் நாடகமாகத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான படத்தில் 114 ஷாட்டுகள்தான், அதாவது வெட்டாமல் ஓடும் துண்டுகள். அந்த நிதானத்துக்குக் கண் பழகிய பிறகே அவள் கை அசைவது பெரிய சம்பவமாகிறது.

ஜெர்மனியின் ‘க்ரொய்ட்ஸ்வெக்’ (2014) அதற்கப்புறம் போதும். இயேசுவின் கடைசிப் பயணத்தை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கு 14 ஷாட்டுகள். பேச்சு வராத தம்பிக்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கும் சிறுமி சாப்பாட்டை நிறுத்துகிறாள். மூன்றிலும் கடுமையானது இதுதான். ‘ஓர்டெட்’ பார்த்த அன்றே இதையும் பார்க்க வேண்டாம்.