பிக்கப்பின் பின் அச்சு சத்தம்: டிஃபரன்ஷியலை மாற்றும் முன்

வணக்கம். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்பக்கம் ஊளைச் சத்தம், ஆக்சிலேட்டரை விட்டால் அடங்கிவிடுகிறது, டிஃபரன்ஷியலையே (பின் அச்சின் நடுவில், எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப சத்தம் மாறுவதால் டயர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வீல் பேரிங் என்றால், வண்டியை லேசாக இடம் வலம் வளைக்கும்போது சத்தம் கூடிக் குறையும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிச்சம் இருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரம்) பற்களும் பினியன் பேரிங்கும்தான்.

முதலில் டிஃபரன்ஷியல் ஆயில். நிரப்பும் போல்ட்டைக் கழற்றிய பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வையுங்கள். மேல் போல்ட் இறுகிக்கொண்டால் வடித்த பின் ஆயில் ஊற்ற வழியிருக்காது. வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மை போல நைசான கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் செதில்களோ பல்லின் துணுக்கோ வந்தால், வண்டியை ஓட்டாமல் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, பினியன் ஃபிளாஞ்சை (நீளமான புரொப்பெல்லர் தண்டு டிஃபரன்ஷியலோடு சேரும் இடத்திலுள்ள வட்டத் தகடு) மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அப்படி ஆட்டம் தெரிந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. சுற்றும் திசையில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று யாராவது பினியன் நட்டை இறுக்க வந்தால் விடாதீர்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங்கின் அழுத்தத்தைச் சரியாக வைக்கும் குழாய்) இருக்கும் வகையென்றால் பேரிங்கின் அழுத்தம் கெட்டு, இருப்பதும் போய்விடும்.

ஆயில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.