ஓடுவதும் நிற்பதும்

கேள்வி: 'ரன்' என்றால் 'ஓடு' என்றுதான் படித்தோம். ஆனால் அமெரிக்க வேட்பாளர் தேர்தலுக்கு 'ரன்' செய்கிறார், சர்க்கரை 'ரன் அவுட்' ஆகிறது என்றெல்லாம் வருகிறதே, எப்படி? - வாசகி, தேனி.

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்கள் தொகுக்கப்பட்டன, அதை ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்க முயல்வது வீண். அமெரிக்காவில் 'ரன்' செய்யும் வேட்பாளர் பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றே சொல்வதால், அந்த இடத்தில் 'ரன்' என்பதற்கு 'நில்' என்பதே சரியான தமிழ் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்' என்பதில் எழுவாய் வீட்டிலிருக்கும் நாம். தமிழிலோ 'சர்க்கரை தீர்ந்துவிட்டது' என்று சர்க்கரையே எழுவாயாகிவிடுகிறது. வினையோடு எழுவாயையும் மாற்ற வேண்டிய இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். மூக்கு 'ரன்' ஆனால், ஒழுகுகிறது.

நம் 'ஓடு' என்னும் வினையும் வளமானதே: படம் நூறு நாள் ஓடும், கடை நன்றாக ஓடும். ஆனால் பதற்றத்தில் நாம் சொல்லும் 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்பதை 'ரன்' கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல முடியாது.