நீளக் கூந்தலும் மலைப் பயணமும்

கேள்வி: இமாச்சலின் ஸ்பிட்டி பக்கம் தோழிகளோடு பத்து நாள் முதுகுப்பைப் பயணம் போகிறேன். எனக்கு இடுப்பு வரை முடி. வெட்டிவிட்டுப் போ என்கிறார் அம்மா. எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வெட்டவே வேண்டாம் கண்ணு. கிளம்புவதற்கு முந்தின நாள் நன்றாக அலசி, காயவைத்து, இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே பருத்தித் துணி கட்டினால் தூசி அண்டாது. எண்ணெய் வழிய வாரிக்கொண்டு போகாதீர்கள். வண்டிப் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும்.

ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜாவே 3,600 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. காற்று வறண்டது, வியர்வை குறைவு. நாலைந்து நாளுக்கு ஒருமுறை அலசினால் போதும். தங்கும் வீட்டில் ஒரு வாளி வெந்நீர் கேளுங்கள். அங்கே தண்ணீர் அரிது, அதற்குள் முடித்துவிடுங்கள். ஷாம்பூவை அப்படியே தலையில் கொட்டாமல் சொம்புத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் தலைத்தோலை மட்டும் தேயுங்கள். வழியும் நுரையே நுனி வரை சுத்தம் செய்துவிடும். உச்சி வெயிலில்தான் குளியல். ஈரத்தலையோடு படுத்தால் அந்தக் குளிரில் நடுங்கிப்போவீர்கள். கனமான டர்க்கி டவல் வேண்டாம்; ஈரிழைத் துண்டு சீக்கிரம் காயும், பையிலும் இடம் அடைக்காது. சிக்கை நுனியிலிருந்து மேலே எடுங்கள்.

ஓடையில் இறங்கி மட்டும் ஷாம்பூ போடாதீர்கள். கீழே அதைத்தான் குடிக்கிறார்கள். தண்ணீரை மொண்டு, 60 மீட்டராவது தள்ளிப்போய் அலசுங்கள். காலிப் பாக்கெட்டுகள் உங்கள் பையிலேயே திரும்பட்டும்.

ஊர் திரும்பியதும் ஒகேனக்கலில் எண்ணெய்க் குளியல் போடுங்கள், வறண்ட முடி தேறிவிடும்.