அறிவிப்பு வேறு, உலை வேறு

கேள்வி: ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலையே வேண்டாம் என்று ஓடிய ஐரோப்பா, இப்போது ஒவ்வொரு நாடாக அதற்கே திரும்புகிறது. கூடங்குளத்தை எதிர்த்தவர்கள் இனியாவது தங்கள் தவறை ஒப்புக்கொள்வார்களா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: ‘ஐரோப்பா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இந்த விஷயத்தில் அப்படி ஒரு ஐரோப்பா கிடையாது. பிரான்ஸின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. அதே ஐரோப்பாவில் இருக்கும் ஆஸ்திரியா, ட்ஸ்வென்டன்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு நிலையத்தை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, 1978இல் மக்களிடம் வாக்குக் கேட்டது. 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த உலை ஒரு நாள்கூட ஓடவில்லை. இத்தாலி தன்னிடம் இருந்தவற்றை 1990க்குள் மூடிவிட்டது. போலந்தில் இதுவரை அணுமின்சாரமே கிடையாது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து ஓடவும் இல்லை, இப்போது எல்லாரும் சேர்ந்து திரும்பவும் இல்லை.

ஆனாலும் காற்று மாறியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்து பில்லைப் பார்த்த மக்களின் மனம் மாறியதில் ஆச்சரியம் இல்லை. உலைகளை மூட 2003இல் சட்டம் போட்ட பெல்ஜியம், 2025 மே மாதத்தில் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. ‘முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்’ என்று வைத்திருந்த இலக்கை ஸ்வீடன் 2023இல் ‘புதைபடிவ எரிபொருள் இல்லாத மின்சாரம்’ என்று திருத்திக்கொண்டது. அணுமின்சாரத்துக்கு 1985இலேயே கதவைச் சாத்திய டென்மார்க்கூட இப்போது ஆய்வு செய்கிறது.

சரி, மனம் மாறிவிட்டது. உலை வந்துவிட்டதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 1990 வாக்கில் இன்றைய ஒன்றிய நாடுகளின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணுவிலிருந்து வந்தது. இப்போது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மேற்கு ஐரோப்பாவில் 1999க்குப் பிறகு புதிதாக மின்சாரம் தரத் தொடங்கிய உலைகள் இரண்டே இரண்டு. ஒன்று ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ-3, இன்னொன்று பிரான்ஸின் ஃபிளமன்வீல்-3. இவற்றின் கதையைத் தெரிந்துகொண்டால் ஐரோப்பாவின் உண்மையான நிலை விளங்கிவிடும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும், மறு ஆண்டே பிரெஞ்சுப் பிரதமர் மெஸ்மர் ஓர் அணுமின் திட்டத்தை அறிவித்தார். 1990களின் தொடக்கத்துக்குள் பிரான்ஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கட்டி முடித்தது. ஒரே மாதிரி வடிவமைப்பு, ஒரு நிலையத்தில் வேலை முடிந்த கையோடு அடுத்த நிலையத்துக்குப் போகும் ஆட்கள். வேகத்துக்குக் காரணம் அதுதான். பிறகு தேவை குறைந்தது, கட்டுவதை நிறுத்தினார்கள். 1991இல் கடைசியாக ஓர் உலைக்கு கான்கிரீட் போட்டவர்கள், அடுத்த உலையைத் தொடங்கியது 2007 டிசம்பரில், ஃபிளமன்வீலில். 330 கோடி யூரோ செலவு, 2012இல் மின்சாரம் என்றார்கள். நடந்தது என்ன? எரிபொருளை வைக்கும் உலைக் கலத்தின் மேல்மூடியிலும் அடிப்பகுதியிலும் எஃகில் கரிமம் அளவுக்கு மீறி இருப்பது 2015இல் தெரிந்தது. அப்புறம் நீராவிக் குழாய்களின் வெல்டிங் தரமில்லை என்று தெரிந்தது. அவற்றில் எட்டு இணைப்புகள் கான்கிரீட் சுவரைக் கடந்துபோகும் இடத்தில், ஆள் கை எட்டாத பகுதியில் இருந்தன. அவற்றையும் சரி செய்தே தீர வேண்டும் என்று அணுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் உத்தரவிட்டது. அதன் பிறகு ரோபோக்களை உள்ளே அனுப்பிச் சரிசெய்தார்கள். 2024 டிசம்பர் 21ஆம் தேதிதான் அந்த உலை மின்கட்டமைப்பில் இணைந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தாமதம். கட்டுமானச் செலவு மட்டும் 1,320 கோடி யூரோ.

பிரான்ஸில் பொறியாளர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை. இடையில் பதினாறு ஆண்டுகள் புதிய உலை எதையும் தொடங்காததால் தேர்ந்த வெல்டர்களும் மேஸ்திரிகளும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள், அடுத்த தலைமுறைக்கு அந்தக் கைப்பழக்கம் வரவில்லை. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். தடித்த குழாயில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத குறைகூட இல்லாமல் ஒரு ஜாயின்ட் போடப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். 2021 கடைசியில் சிவோ நிலையத்தின் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தெரிந்தன, பிறகு வேறு நிலையங்களிலும். 2022இல் ஒரு கட்டத்தில் பிரான்ஸின் 56 உலைகளில் பாதிக்கு மேல் நின்றுகிடந்தன. ரஷ்ய எரிவாயு பெருமளவு நின்றுபோன அதே ஆண்டில்! 1980க்குப் பிறகு முதல்முறையாக அந்த நாடு விற்றதைவிட அதிகமாக மின்சாரம் வாங்கியது. பழுது பார்க்க அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வெல்டர்களை வரவழைத்தார்கள். இப்போது ஷெர்பூரில் அணுத் துறைக்கென்றே வெல்டிங் பள்ளி திறந்து ஆட்களைப் பழக்குகிறார்கள். ஐரோப்பாவின் அறிவிப்புகள் எல்லாவற்றையும்விட இந்தப் பள்ளியை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரான்ஸ் மீண்டு வந்ததையும் சொல்ல வேண்டும். 2024இல் அது மற்ற நாடுகளுக்கு விற்ற மின்சாரம் ஒரு சாதனை அளவு.

ஒல்கிலுவோட்டோ கதையும் ஏறக்குறைய இதேதான். 2005இல் தொடங்கி, 2009இல் முடிவதாக இருந்து, 2023 ஏப்ரலில் முடிந்தது. பிரிட்டனில் ஹிங்க்லி பாயின்ட் சி என்ற அணுமின் நிலையம் இன்னும் கட்டப்படுகிறது. 1956இல் கால்டர் ஹாலில் அணுமின்சாரத்தைத் தொழில் அளவில் மின்கம்பியில் ஏற்றிக் காட்டிய நாடு அது. இன்று ஒரு புதிய உலைக்குப் பிரெஞ்சு நிறுவனத்தை நம்பியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலைக்கணக்கில் 1,800 கோடி பவுண்டு என்றது, 2024இல் அதே கணக்கில் 3,100 முதல் 3,500 கோடி வரை போகும் என்றார்கள். அங்கே உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2012 விலையில் 9.25 பென்ஸ் கிடைக்கும் என்று 2016 ஒப்பந்தத்தில் 35 ஆண்டுகளுக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள், விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அந்தச் சுமை வீட்டு பில்லில்தான் வந்து விழும்.

அப்படியானால் எதிர்காலம்? போலந்தின் முதல் உலையும் செக் நாட்டின் டுகோவனியில் தென்கொரியர்கள் கட்டப்போகும் உலையும் 2030களின் நடுவில் வரலாம். பிரான்ஸ் அறிவித்த ஆறு புதிய உலைகளில் முதலாவதான பென்லிக்கு 2038 என்று தேதி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன அனுபவத்துக்குப் பிறகு இந்தத் தேதிகளை நான் அப்படியே நம்ப மாட்டேன். ‘சிறிய உலைகள்’ பற்றி நிறையப் பேசுகிறார்கள். பிரிட்டன் தேர்ந்தெடுத்திருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் வடிவமைப்பு 470 மெகாவாட். நம் கல்பாக்கத்தில் ஓடிய உலைகள் தலா 220 மெகாவாட்தான். பெயர் சிறியது என்பதால் வேலையும் சிறியதாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ இப்படிப்பட்ட ஒன்றுகூட இன்னும் மின்சாரம் தரவில்லை.

ஆகவே அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஐரோப்பாவின் அணுமின்சாரம் என்பது பழைய உலைகளின் மின்சாரம்தான். பெல்ஜியம் இரண்டு உலைகளுக்கு 2035 வரை ஆயுள் நீட்டித்திருக்கிறது. பிரான்ஸின் 32 பழைய உலைகள், தேவையான மேம்பாடுகளைச் செய்தால், நாற்பது ஆண்டைத் தாண்டி ஐம்பது வரை ஓடலாம் என்று பிரெஞ்சு அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதித்தது. சுவிட்சர்லாந்தின் பெஸ்னாவ் உலை 1969இலிருந்து இருக்கிறது. குழாய், பம்பு, நீராவி உற்பத்திக் கலன் எல்லாவற்றையும் மாற்றலாம். நடுவில் இருக்கும் எஃகுக் கலத்தை மாற்ற வழியில்லை. எரிபொருளிலிருந்து பாயும் நியூட்ரான் துகள்கள் தாக்கத் தாக்க அந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதை எவ்வளவு நேர்மையாகச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது.

ஜெர்மனி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, உலைகளை எல்லாம் மூடுவது என்று அன்றைய ஆட்சித் தலைவர் மெர்க்கல் 2011இல் எடுத்த முடிவைப் பாராட்டி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தக் கருத்தை இன்று மாற்றிக்கொள்கிறேன். ஜெர்மன் மக்களின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. 1975இல் வீல் என்ற ஊரில் திராட்சை விவசாயிகள் நிலத்தில் உட்கார்ந்து ஒரு நிலையத்தையே தடுத்தார்கள். ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் கதிரியக்கக் கழிவு நிரம்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்களைப் போட்டுவிட்டு, இப்போது உள்ளே தண்ணீர் கசிவதால் அவற்றைத் திரும்ப எடுக்க வழி தேடுகிறார்கள். அந்த மக்கள் அரசை நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்திய நாடு, நிலக்கரிக்கு 2038 வரை சட்டத்தில் காலம் கொடுத்திருக்கிறது. நம் நெய்வேலியில் எடுக்கும் அதே பழுப்பு நிலக்கரி. அதைத் தோண்டத்தான் 2023 ஜனவரியில் லூட்சராத் என்ற கிராமத்தைக் காலிசெய்தார்கள். ஜெர்மனியில் நிலக்கரி கூடிவிட்டது என்று சிலர் சொல்வது தவறு. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகியதால் அது குறைந்துதான் வந்திருக்கிறது. நன்றாக ஓடிய உலைகளை வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கும், அவ்வளவு புகையை மக்கள் சுவாசிக்காமல் இருந்திருப்பார்கள். இனித் திரும்ப முடியாது. 2025 அக்டோபரில் குண்ட்ரெமிங்கன் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது உக்ரைனின் ஸாப்போரிஷியா. ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம், ஆறு உலைகள், கூடங்குளத்தில் இருப்பதைப் போன்ற ரஷ்ய வகை. 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அதைக் கைப்பற்றியது. ஆறு உலைகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. நிறுத்திய உலைக்கும் குளிர்விக்க மின்சாரம் வேண்டும். 2025 செப்டம்பரில் வெளி மின்சாரம் அறுந்து, ஏறத்தாழ ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி அந்த நிலையம் இருந்தது. போர் நடக்கும் இடத்தில் அணு உலையை எப்படிக் காப்பது என்பதற்கு அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்களிடமும் பதில் இல்லை. இன்னொன்று: ரஷ்ய எரிவாயுவிலிருந்து தப்பிக்க அணுவை நாடும் ஐரோப்பா, ரஷ்யாவின் அரசு அணு நிறுவனமான ரோசாட்டத்தின்மேல் எரிவாயுபோல் தடை போடவில்லை. ரஷ்ய வகை உலை வைத்திருக்கும் நாடுகள் மாற்று எரிபொருளுக்கு மெல்ல மெல்லத்தான் மாறுகின்றன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கூடங்குளத்தை எதிர்த்தவர்கள் பற்றியது. அதற்கு முன் ஃபின்லாந்தைப் பாருங்கள். ஃபின்லாந்தில் ஒல்கிலுவோட்டோவுக்குப் பக்கத்திலேயே, 190 கோடி ஆண்டு பழைய பாறையில், 400 மீட்டருக்கும் கீழே ஓன்காலோ என்ற சுரங்கத்தைக் குடைந்திருக்கிறார்கள். பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் செப்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் களிமண் பொதிந்து, நிரந்தரமாக வைக்கும் இடம். உலகிலேயே இதுதான் முதல். சோதனை ஓட்டம் 2024இல் தொடங்கிவிட்டது. அந்தச் சுரங்கம் எவுராயோகி என்ற உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறது. வேண்டாம் என்று சொல்லித் திட்டத்தையே நிறுத்தும் அதிகாரம் அதன் மன்றத்துக்குச் சட்டப்படி இருந்தது. தகவல்களைக் கேட்டுப் பெற்று, விவாதித்து, வாக்கெடுத்துச் சம்மதித்தார்கள்.

கூடங்குளம் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மக்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. எரிந்து முடிந்த எரிபொருளைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. கேட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர்மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். அந்த எரிபொருள் இன்றும் நிலையத்து வளாகத்துக்குள்தான் இருக்கிறது. தவறை ஒப்புக்கொள்ளும்படி அவர்களைக் கேட்கும் முன், அவர்கள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.