எதிரியின் வெற்றிக் கல்லை ஏன் தூக்கிப் போகிறார்கள்?

பொன்னும் மணியும் கொள்ளை போவது புரிகிறது, வெறும் கல்லை எதற்கு எடுத்துப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கல் சொல்லும் சேதியை அது நிற்கும் ஊரில் யாரும் படிக்கக்கூடாது என்பதுதான் காரணம்.

கொரியாவின் புக்வான் வெற்றிக்கல்லைப் பாருங்கள். 1592இல் ஜப்பான் படையெடுத்து வந்தபோது, வடக்கே ஜியோங் முன்-பு என்பவர் ஊர்மக்களைத் திரட்டிப் படையாக்கி, ஜப்பானியத் தளபதி கத்தோ கியோமாசாவின் படையை விரட்டினார். அதை எழுதி 1707இல், இன்றைய வட கொரியாவில் இருக்கும் கில்ஜு பகுதியில் நட்டார்கள். ஆள் உயரம், சுமார் 187 செ.மீ. கனமோ ஒரு சாண்கூட இல்லை. முகம் முழுக்க 1,500 எழுத்துக்கள்.

1905இல், ரஷ்ய-ஜப்பான் போர் நேரத்தில், ஜப்பானிய ராணுவம் அதைப் பெயர்த்துக் கொண்டுபோனது. கடைசியில் அது நின்றது டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில். ஜப்பானுக்காகப் போரில் இறந்தவர்களை வணங்கும் இடம் அது! தோற்கடித்தவர்களின் கல், தோற்றவர்களின் வாரிசுகளிடம். அதன் தலையில் ஒரு பெரிய பாறையையும் ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்கு ஆறாத இடம் அந்தப் பாறைதான்.

அப்புறம் இரு கொரியாக்களும் சேர்ந்து கேட்டன. 2005 அக்டோபரில் கல் சியோலுக்கு வந்தது. தெற்கு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. 2006 மார்ச் 1 அன்று வடக்கிடம் ஒப்படைத்தது. சரி, சியோலில் என்ன மிச்சம்? கியோங்போக் அரண்மனை வளாகத்தில் அதன் நகல் நிற்கிறது.