வைகையின் தண்ணீர் எங்கே போகிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணன்,

ஆவணியில் கோயில்களுக்குப் போன வழியில் மதுரையில் நாலு நாள் நின்றோம். ஆசையாய் வைகையைப் பார்க்கப் போனால் மணலும் புதரும், நடுவில் சாக்கடை போல ஓர் ஓடையும். இதையா இவ்வளவு காலம் பாடினார்கள்? நம்முடைய மட்டக்களப்பு முந்தனை ஆறு இதைவிட மேல் இல்லையா?

வாசகி, கொக்கட்டிச்சோலை

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் வருத்தம் விளங்குகிறது. ஆனால் வைகையைக் கண்மாய்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று 258 கிலோமீற்றர் ஓடுகிற ஆறு அது. பிறக்கிற இடமே மழை மறைவுப் பக்கம். நமக்கு மாரி தருகிற அதே வடகீழ்ப் பருவமழையைத்தான் பெரும்பாலும் அதுவும் நம்பியிருக்கிறது. ஆவணியில் நம் ஆறுகள் மட்டும் எப்படிக் கிடக்கின்றன, சொல்லுங்கள்?

மழை பெய்கிற சில வாரங்களில் ஓடுவதைப் பிடித்து வைக்கத்தான் அங்கே கண்மாய் வெட்டினார்கள். கண்மாய் என்றால் நம்முடைய குளம்தான். ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய் ஒன்றை நிரப்பும், அது நிறைந்து மறுகால் பாய்ந்தால், நாம் வான் பாயுது என்போமே அதுதான், அடுத்ததற்குப் போகும், அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படி வயல்களெல்லாம் குடித்த பிறகு மிச்சம் வருவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. அதற்கும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊருக்குப் பக்கத்தில் கடல். கடலுக்குப் போகாத ஆறு என்று குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பெருமையாகத்தான் படுகிறது.

அந்தத் தண்ணீரும் போதாமல்தான் மேற்கே கேரளக் கடலுக்குப் போன பெரியாற்றை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து 1895இல் வைகைப் பக்கம் திருப்பினார். 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. மதுரைக்குக் குடிதண்ணீர் அங்கிருந்தும் போகிறது. மேலே தேக்கினால் கீழே மணல் தெரியத்தானே செய்யும். ஆனால் சாக்கடையைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். நகரத்துக்குள் எத்தனையோ கண்மாய்கள் கட்டடங்களுக்குக் கீழே போய்விட்டன, அதை நினைத்தால் எனக்கும் மனசு பொறுக்காது.

இனி முந்தனை ஆறு. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வெள்ளத்தில் கிடக்கும்போது, வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை வெட்டச் சொல்லிக் கேட்கிறோம். வேறு வழியும் இல்லை. வெட்டினதும் அத்தனை தண்ணீரும் வாவி வழியே கடலுக்குப் போய்விடுகிறது, எட்டு மாதம் கழித்து அதே ஊர்களுக்குப் பவுசரில், அதாவது தண்ணீர் வண்டியில், குடிதண்ணீர் வருகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற பெரிய குளங்கள் தம்மால் ஆனதைப் பிடித்து வைக்கின்றன. தூர்ந்து கிடக்கிற சின்னக் குளங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கிற உங்கள் பக்கத்து வட்டவிதானைமாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய அப்பா காலத்தில் தண்ணீர் நின்று இப்போது கட்டு உடைந்து கிடக்கிற குளங்கள் எவையென்று. பேர்களைக் குறித்து அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.